ஆழ்கடல் வென்டில்டிராப் நத்தை: எந்தச் சிற்றினம் என்று கண்டுபிடிப்பது எப்படி? (பலர் கேட்ட கேள்விகள்)

கே: ஐயா, 300 மீட்டர் ஆழத்தில் இழுத்த மடிவலையில் மூன்று சென்டிமீட்டர் நீள வெள்ளைச் சங்கு ஒன்று வந்தது. மேலிருந்து கீழாக விலா விலாவாக இருக்கிறது. வென்டில்டிராப் தானா? எந்தச் சிற்றினம்? படம் அனுப்பியிருக்கிறேன்.

ப: குடும்பம் எபிடோனிடே, சந்தேகமே வேண்டாம். வாய் வட்டமாக, கீழே குழாயோ வெட்டோ இல்லாமல், சுற்றிலும் தடித்த உதட்டோடு இருக்கிறது. ஆனால் சிற்றினத்தின் பெயரை இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆழத்தில் வாழ்பவை பெரும்பாலும் வெளுத்தவைதான், அதனால் நிறத்தை நம்பாதீர்கள். நீளமும் வயதைப் பொறுத்தது.

சங்கைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளி உதடு சுற்றோடு (சங்குச் சுருளின் ஒவ்வொரு வளையமும் ஒரு சுற்று) சேரும் இடத்திலிருந்து புறப்பட்டு, அடியைச் சுற்றி ஓடும் மேடான வரி ஒன்று இருக்கிறதா? இருந்தால் அமேயா, ஒபாலியா, சிர்சோட்ரீமா ஆகிய பேரினங்களின் பக்கம் தேடலாம். அந்த வரி இல்லாமல் விலாக்கள் தடையின்றி அடிவரை இறங்கினால் எபிடோனியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து லென்ஸை எடுத்து இரண்டு விலாக்களுக்கு நடுவே பாருங்கள். சுருள்வாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் விலாக்களைக் குறுக்கே வெட்டி வலைப்பின்னல் போலத் தெரிந்தால் அமேயா. மேற்பரப்பு பளபளப்பில்லாமல் மாவு மாதிரி மங்கி, அதில் நுண்குழிகள் வரிசையாக இருந்தால் சிர்சோட்ரீமா அல்லது ஒபாலியா. உங்கள் படத்தில் அடிப்பக்கம் முழுக்க நிழல். வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், அடி, நுனி என நான்கு படங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து அனுப்புங்கள்.

கே: விலாக்களை எண்ணினால் போதாதா சார்?

ப: எண்ணுங்கள், ஆனால் கடைசிச் சுற்றில் மட்டும். ஒரே சிற்றினத்துக்குள்ளேயே அது கூடும் குறையும். காரணம் எளிது: ஒவ்வொரு விலாவும் ஒரு காலத்தில் வாயின் உதடாக இருந்ததுதான். நத்தை கொஞ்சம் வளரும், நிற்கும், உதட்டைத் தடிப்பாக்கும், மறுபடி வளரும். எண்ணிக்கையை விட விலாவின் வடிவம்தான் அதிகம் பேசும். தகடாக நிற்கிறதா, பின்னால் மடிந்திருக்கிறதா, சுற்றின் மேல்விளிம்பான தோள்பட்டையில் கூராக நீட்டிக்கொண்டிருக்கிறதா, மேல் சுற்றின் விலாவோடு கோர்த்து நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கே: என்னுடையதில் நுனி உடைந்திருக்கிறது. பரவாயில்லையா?

ப: பரவாயில்லை என்று சொல்லத்தான் ஆசை. நுனியில் இருப்பது முட்டையிலிருந்து வந்த இளம்பருவத்தின் ஓடு. அதில் பல குறுகலான சுற்றுகள் இருந்தால் லார்வா நீண்ட நாள் நீரில் மிதந்து தின்று வளர்ந்தது என்று பொருள். சுற்றுகள் குறைவாக, குமிழ் போல இருந்தால் சீக்கிரமே அடியில் இறங்கிவிட்டது. மேலோட்டமாகப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிற்றினங்கள் பல சமயம் இங்கேதான் பிரிகின்றன.

கே: சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன. லின்னேயஸ் 1758-ல் விவரித்த எபிடோனியம் ஸ்கலாரேவா?

ப: எந்த ஆழத்தில் கிடைத்தது? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி! ஸ்கலாரே இந்திய, மேற்குப் பசிபிக் கடல்களின் ஆழம் குறைந்த பகுதிகளைச் சேர்ந்தது. அதன் சுற்றுகளை விலாக்கள்தான் பிணைத்து நிறுத்தியிருக்கும். நிஜமான ஆழத்திலிருந்து தளர்ந்த சுருளோடு வந்தால் எக்லிசியோகைரா பேரினத்தையும் பாருங்கள். (ஸ்கலாரே ஒரு காலத்தில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் பெரும் விலை போனது. அரிசி மாவில் போலி செய்து விற்றார்கள் என்றொரு கதை இன்னும் சுற்றுகிறது. நல்ல கதை, ஆனால் போலி ஒன்றைக்கூட யாரும் காட்டியதில்லை.)

கே: குட்டையாக, குண்டாக, விலாக்கள் பிளேடு மாதிரி நிற்கின்றன அண்ணா.

ப: ஸ்தெனோரைடிஸ் பேரினம். கரீபியன் பக்கம் கிடைத்திருந்தால் முதலில் பெர்னோபிலிஸ் சிற்றினத்தோடு ஒப்பிடுங்கள்.

கே: அழுக்குப் போக வினிகரில் ஊறவைக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் முதலில் கரைவது நான் மேலே சொன்ன அந்த மங்கலான மேல்படலமும் குழிகளும்தான். அடையாளமே போய்விடும். நல்ல தண்ணீர், மென்மையான பிரஷ், அவ்வளவுதான். வாய்க்குள் மெல்லிய கருமையான மூடி இருந்தால் அதையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கே: உயிரோடு வந்ததைத் தொட்டபோது ஊதா நிறத்தில் ஏதோ கசிந்தது. விஷமா?

ப: பயப்படாதீர்கள், இந்தக் குடும்பத்தில் பலவும் அப்படிச் செய்யும். இரையை மயக்க அது உதவலாம் என்ற கருத்து உண்டு. இவற்றின் இரை கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடல் விலங்கும் பவளமும்தான். அதனால் மடியில் கூடவே கடல் சாமந்தி வந்திருந்தால் தூக்கி எறியாதீர்கள், எந்த வகை என்று குறியுங்கள். அப்புறம் சதையில் ஒரு துண்டைத் தண்ணீர் அதிகம் கலக்காத எத்தனாலில் போட்டு வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டி.என்.ஏ. கெட்டுவிடும்.

கே: பழைய புத்தகத்தில் ஸ்கலேரியா என்று இருக்கிறது. அது வேறு பேரினமா?

ப: இல்லை. விலங்கியலாளர் லமார்க் 1801-ல் இதே பேரினத்துக்கு வைத்த பெயர் அது. ரோடிங் 1798-லேயே எபிடோனியம் என்று வைத்துவிட்டதால் முந்தியது நிற்கிறது.

கே: கடையில் வாங்கியது சார். சீட்டில் ‘ஆழ்கடல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன பெயர் போடுவது?

ப: அடிவரி, குறுக்குக் கோடுகள், மேல்படலம் பார்த்துப் பேரினம் வரை போங்கள், அங்கே நிறுத்திவிடுங்கள். கடல், ஆழம், அடித்தளம் மணலா சேறா என்று எதுவும் தெரியாத சங்குக்குச் சிற்றினப் பெயர் ஒட்டினால், பின்னால் பார்ப்பவரையும் சேர்த்துக் குழப்புவீர்கள். கடைக்காரர் கொடுத்த சீட்டை மட்டும் கிழித்துப் போடாமல் கூடவே வையுங்கள்.