மெக்கானிக்கை முதலில் பிடியுங்கள், காரை அப்புறம்

கேள்வி: அப்பாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக ஒரு கார் வேண்டும். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. பழைய கார் பார்க்கலாம் என்றால், 'அடுத்தவன் தலைவலியைக் காசு கொடுத்து வாங்காதே, தவணையில் புதுசு எடு' என்கிறார் மச்சான். என்ன செய்யட்டும்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தம்பி, முப்பத்தைந்து வருடமாக நான் ஓட்டியதெல்லாம் பிறர் ஓட்டி விற்ற கார்கள்தான். பத்மினி, மாருதி 800, ஜென், இப்போது ஒரு சான்ட்ரோ. எதற்கும் தவணை கட்டியதில்லை. அந்தப் பணத்தில்தான் மகள் படித்தாள். தைரியமாக வாங்குங்கள்.

ஆனால் ஒன்றரை லட்சத்தையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்குள் முடித்துவிட்டு, மீதியை டயர், பேட்டரி, கிளட்ச் என்று முதல் வருடம் வரும் செலவுக்கு வையுங்கள்.

வண்டி தேடுவதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள். அவர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். நான் ஒருமுறை கொடுத்தேன். 2015 டிசம்பர் வெள்ளம் வந்துபோன அடுத்த வருடம், ஒரு புரோக்கரிடம் பளபளவென்று ஒரு வண்டி. நாலே மாதத்தில் முன்விளக்கு, ஹாரன், வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் படுத்தன. மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். உள்ளே சுருண்டிருந்த கடைசி முழம் முழுக்கப் பழுப்புக் கறை. விரலால் தடவினால் வண்டல். இருக்கைக்கு அடியில் தண்டவாளம் போன்ற கம்பி துருவேறிக் கிடந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. அதனால் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைத் தடவுங்கள், மிதியடிக்குக் கீழே முகர்ந்து பாருங்கள்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. டயர் வண்டியைவிடப் புதுசாக இருந்தால் பழைய டயர் தேய்ந்து மாற்றியிருக்கலாம். வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்பவரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

பேப்பர் விஷயம்: சொந்தக் காரின் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி., 15 வருடத்துக்குத்தான். அப்புறம் வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. புதுப்பித்த வண்டியாகப் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், விற்பவர் அதை நீக்கித் தரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது வேகன் ஆர் அல்லது சான்ட்ரோ. நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-லேயே வர ஆரம்பித்த வண்டி சான்ட்ரோ. உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், இரண்டிலும் இருக்கை உயரம். டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வருகிறவர் குனிந்து இறங்கி உட்கார வேண்டாம், அப்படியே சாய்ந்துவிடலாம். ஏ.சி.யை நடுப்பகலில் நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

ஒன்றில் மச்சான் சொல்வது சரி. பழைய வண்டி சில நாள் மெக்கானிக் ஷெட்டில் நிற்கும். டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். விலை பேசப் போகும் நாளில் அப்பாவையும் கூட்டிப் போய், அந்த இருக்கையில் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.