ஒரு ஊர் எப்படி மாநிலமாகும்?

கேள்வி: ஜெர்மனியின் பிரேமன் நகரில் வசிக்கிறோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தன் மாநிலத்தைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். "ஒரு ஊர் எப்படிம்மா மாநிலமாகும்?" என்கிறாள். வரலாற்றையும் ஆட்சிமுறையையும் அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

பதில்: அவள் கேட்ட கேள்வியையே பேச்சின் முதல் வரியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டுகளை வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 787-ல் இங்கே ஆயர் பீடம் ஏற்பட்டது என்று ஆரம்பித்தால் வகுப்பே கொட்டாவி விடும்.

முதலில் சந்தைச் சதுக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். பழைய நகர மன்றத்துக்கு முன்னால் உருவிய வாளோடு நிற்கும் ரோலாண்ட் என்ற பழங்கதை வீரனின் சிலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள். பேராலயத்தை! அங்கேதான் கதை இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஊருக்கு அந்தப் பேராலயத்தின் பேராயர்தான் தலைவர். கடல் வணிகத்தில் செழித்த வணிகர்களோ, எங்கள் ஊரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்போது மரத்தால் ஆன ரோலாண்ட் ஒன்று இருந்தது. 1366-ல் பேராயரின் ஆட்கள் அதை எரித்துவிட்டார்கள். ஊரார் விடவில்லை; 1404-ல் கல்லிலேயே செய்து நிறுத்தினார்கள். இப்போது எரியுங்கள் பார்ப்போம்! கேடயத்தில் இருக்கும் இரட்டைத் தலைக் கழுகு, அன்று ஜெர்மன் பகுதிகளுக்கெல்லாம் மேலாக இருந்த புனித ரோமப் பேரரசரின் சின்னம். எங்களுக்கு மேல் பேரரசர் மட்டும்தான், பேராயர் இல்லை என்று அதற்கு அர்த்தம். பேரரசர் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள 1646 வரை ஆனது என்பது வேறு விஷயம். சிலையின் இரண்டு முழங்கால்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் துணி அளக்கும் பழைய பிரேமன் முழம் என்பார்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

அப்புறம் இரண்டாவது ஊர். வேசர் ஆற்றில் மணல் சேர்ந்து பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் போகவே, மேயர் யோஹான் ஸ்மிட் 1827-ல் ஆற்றின் முகத்துவாரத்தில் ஹனோவர் அரசிடமிருந்து நிலம் வாங்கினார். அதுதான் பிரேமர்ஹாஃபன். இரண்டு ஊர்களும் சேர்ந்து ஒரே மாநிலம், ஆனால் நடுவில் இருப்பது லோயர் சாக்சனி என்ற வேறு மாநிலம். வரைபடத்தில் இரண்டையும் அவளே வண்ணம் தீட்டட்டும்.

பெருமைமிக்க பழைய வணிக நகரம் என்பதால்தான் பிரேமன் இன்றும் தனி மாநிலம் என்று பலரும் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. லூபெக்கும் அதே பெருமை கொண்ட ஊர்தான். 1937-ல் தனி மாநில அந்தஸ்தை இழந்தது, திரும்பக் கிடைக்கவில்லை. பிரேமனும் நாஜி ஆட்சியில் தன்னாட்சியை இழந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுற்றுவட்டாரம் முழுவதும் பிரிட்டிஷ் படையிடம் இருந்தபோது, தங்கள் கப்பல்களுக்குத் துறைமுகம் வேண்டும் என்பதற்காக அமெரிக்கர்கள் இந்த இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டார்கள். 1947-ல் பிரேமன் மறுபடி மாநிலமானது. என்னைக் கேட்டால் பெருமையைவிடத் துறைமுகம்தான் கைகொடுத்தது.

சரி, ஆட்சி. சட்டமன்றத்துக்கு இப்போது 87 உறுப்பினர்கள்: பிரேமனிலிருந்து 72, பிரேமர்ஹாஃபனிலிருந்து 15. அவர்கள் தேர்ந்தெடுக்கும் அமைச்சரவைக்கு செனட் என்று பெயர். அதன் தலைவர்தான் மாநிலத்தின் முதல்வர், பிரேமன் நகரின் மேயரும் அவரே. பிரேமர்ஹாஃபனுக்குத் தனி மேயர், தனி நகர மன்றம். அதனால் பிரேமன் நகர விவகாரம் மட்டும் பேசும்போது பிரேமர்ஹாஃபன் உறுப்பினர்களுக்கு வேலை இல்லை. இந்த ஒரு பத்தி அவள் வயதுக்குப் போதும். கூட்டாட்சி மேலவையில் பிரேமனுக்கு 3 வாக்கு, பவேரியாவுக்கு 6 என்பதை யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளட்டும்.

சதுக்கத்துக்குப் போகும்போது சில்லறை எடுத்துப் போங்கள். சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் தரையில் வட்டமான உலோக மூடி இருக்கும். அதன் துளையில் காசு போட்டால், பிரேமன் இசைக்கலைஞர்கள் என்ற சிறுவர் கதையில் வரும் கழுதையோ நாயோ பூனையோ சேவலோ குரல் கொடுக்கும். காசு நற்பணிகளுக்குப் போகும். சட்டமன்றம் எங்கே இருக்கிறது என்பதை அப்புறம் அவள் மறக்கவே மாட்டாள்.

வகுப்பில் கைதட்டு வாங்க ஒரு தகவல்: மாநிலத் தேர்தலில் 16 வயதிலேயே வாக்களிக்கலாம் என்று ஜெர்மனியில் முதலில் கொண்டுவந்தது பிரேமன்தான். 2011 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஐந்து வாக்குகள். ஐந்தையும் ஒருவருக்கே போடலாம், பிரித்தும் போடலாம். ஆனால் ஜெர்மன் குடியுரிமை இருக்க வேண்டும்.