கீமோ எடுக்கும் தாய் பிள்ளைகளைத் தூக்கலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் தாய் கேட்கிறார்: "மார்புப் புற்றுநோய்க்குக் கண்டியில் மூன்று தடவை கீமோ ஏற்றியாகிவிட்டது. மகளுக்கு 5 வயது, மகனுக்கு ஒன்றரை. கொரோனா நேரத்தில் பிள்ளைகளை அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிடு, உன் மருந்து அவர்களுக்கும் ஆகாது என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் சொல்கிறார்கள். அனுப்பத்தான் வேண்டுமா? இங்கே ஒரு வேன்காரர், தன்னிடம் பணமும் கிளினிக் கொப்பியும் கொடுத்தால் கிளினிக்கில் முன் நம்பர் எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார்."

அனுப்ப வேண்டாம். தூக்குங்கள், மடியில் வைத்துச் சோறூட்டுங்கள், பக்கத்தில் படுக்க வையுங்கள். மருந்து பெரும்பாலும் வெளியேறுவது சிறுநீர், மலம், வாந்தி வழியாக. மருந்து ஏற்றிய முதல் 48 மணி நேரம் அவற்றில் பிள்ளைகளின் கை படக்கூடாது. பெரியவள்தானே என்று வாந்தி எடுத்த பேசினை அவளிடம் கழுவக் கொடுக்காதீர்கள். சின்னவன் இன்னும் தாய்ப்பால் குடித்தால் நிறுத்திவிடுங்கள்.

கொரோனா தொற்றாமலிருக்கத் தனி அறையில் இருக்கச் சொல்கிறார்கள். 10க்கு 12 அடி லயக் காம்பராவில் தனி அறைக்கு எங்கே போவது? அதைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சடிப்பவர்கள் ஒரு மழைநாளில் லயத்துக்குள் வந்து நின்று பார்க்கட்டும். நீங்கள் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். வேலைக்குப் போய் வருபவர் கைகால் கழுவி உடுப்பு மாற்றிவிட்டு உள்ளே வரட்டும். முடிந்தால் சின்னவனைப் பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு) விடாமல் வீட்டில் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். வீட்டில் ஒரு தேர்மோமீற்றர் இருக்க வேண்டும். 38 பாகை செல்சியஸ், பழைய பரனைட் கணக்கில் 100.4, காட்டினால் பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலை வாசலில் முதல் வார்த்தையே "நான் கீமோ எடுக்கிறேன்" என்றிருக்கட்டும். பி.சி.ஆர். என்ற கொரோனாப் பரிசோதனையின் முடிவு வரட்டும் என்று இப்படிப்பட்ட தாய்மாரை வாங்கில் உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிருமியைக் கொல்லும் அன்டிபயோட்டிக் ஊசி அந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் அந்த வேன்காரர். அரசாங்க வைத்தியசாலையில் நம்பருக்குக் காசு கிடையாது. கிளினிக் கொப்பியை ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் திகதியில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் பொலிஸ் மறித்தபோது காட்டவும் அதுதான் உதவியது. முன்பணத்தோடு கொப்பியையும் கேட்பவர் நாளை கொப்பியைத் திருப்பித் தரவும் காசு கேட்பார். எதிர்ப்புச் சக்திக்கு என்று பொடியும் பாணியும் விற்க வருபவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு போத்தல் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அந்தக் கூட்டமே தொற்றுக்கு வழி. கீமோ மருந்தால் ஈரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் உள்ள உங்களுக்குக் கண்ட கசாயமும் வேண்டாம்.

கொவிட் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. போட வேண்டுமா, எந்த நாளில் போடுவது என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசிகளையும் தவற விடாதீர்கள். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும், அது போலியோ சொட்டு மருந்து. 18 மாதத்திலும் 5 வயதிலும் கொடுப்பார்கள் என்பதால் உங்கள் பிள்ளைகள் இருவருக்குமே இப்போதுதான் முறை வருகிறது. அதில் பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி உண்டு. அது பிள்ளைக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது, ஆனால் சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். அந்த மலம் கையில் பட்டு வாய்க்குப் போனால் உங்களுக்கு ஆபத்து. பிள்ளைகளின் தடுப்பூசிக் கிளினிக்குக்குப் போவதற்கு முன்பே மருத்துவிச்சியிடம் "வீட்டில் நான் கீமோ எடுக்கிறேன், சொட்டுக்குப் பதிலாக ஊசி போட முடியுமா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே சொட்டு கொடுத்தாகிவிட்டதா? சரி, பதற வேண்டாம். ஆறு வாரத்துக்குச் சின்னவனைக் கழுவிவிடுவது அப்பாவின் வேலை, மகளுக்கும் அவரே உதவட்டும். அவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் உங்கள் தட்டைத் தொட வேண்டும். மருத்துவிச்சி அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னால், கணவரைக் கொப்பியின் போட்டோ பிரதியோடு சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கே அனுப்புங்கள்.