ஒரே ஃபைல் இரண்டு முறை ஏறினால்: பிஎச்பி கேள்வி-பதில்

'கேனாட் ரீடிக்ளேர்' (ஏற்கெனவே உள்ள ஃபங்ஷனை மறுபடி அறிவிக்க முடியாது) என்று பக்கம் நின்றுவிடுகிறது. அந்த ஃபங்ஷனை ஓரிடத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

எழுதியது ஓரிடம்தான், ஏற்றியது இரண்டு இடத்தில். முதல் டிக்ளரேஷன் எந்த ஃபைலில், எந்த வரியில் என்பது அந்த எரரிலேயே இருக்கும். இரண்டும் ஒரே ஃபைல் என்றால், அதை ஏற்றும் எல்லா இடங்களிலும் ரிக்வயர்_ஒன்ஸ் போடுங்கள்; ரிக்வயர் போல ஃபைலை ஏற்றும், ஆனால் ஏற்கெனவே ஏறியிருந்தால் விட்டுவிடும். ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் போதாது: பின்னால் வரும் வெறும் ரிக்வயர் மறுபடி ஏற்றிவிடும். வேறு வேறு ஃபைல் என்றால் எங்கோ ஒரு நகல் கிடக்கிறது. ஒன்ஸ் பார்ப்பது பாதையை, உள்ளடக்கத்தை அல்ல, நகலை நீக்குங்கள். எவையெல்லாம் ஏறின என்பதை கெட்_இன்க்ளூடட்_ஃபைல்ஸ் சொல்லும்.

சி மொழியில் செய்வதுபோல, ஃபைலின் தலையில், ஏற்கெனவே ஏறிவிட்டதா என்று டிஃபைன்ட் மூலம் பார்த்து ரிட்டர்ன் கொடுத்தேன். பலிக்கவில்லையே?

பலிக்காது. பிஎச்பி முதலில் ஃபைல் முழுவதையும் கம்பைல் செய்கிறது. வெளிமட்டத்தில் உள்ள ஃபங்ஷன்கள் அப்போதே பதிவாகிவிடும். உங்கள் ரிட்டர்ன் ஓடும் முறை வருமுன்பே எரர் விழுந்துவிடும். ஃபங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ் 'இல்லை' என்றால் மட்டும் ஓடும் இஃப்புக்குள் ஃபங்ஷனை வைத்தால் எரர் போகும். ஆனால் இரண்டு பதிப்புகள் இருந்தால் எது ஓடுகிறது என்பதும் மறைந்துபோகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கான்ஃபிக் ஃபைல் ஒரு அரேயை ரிட்டர்ன் செய்கிறது. ரிக்வயர்_ஒன்ஸ் போட்டால் சில நேரம் அரே வருகிறது, சில நேரம் ட்ரூ வருகிறது.

முதல் முறை அரே. அடுத்த முறை ஃபைல் ஓடுவதே இல்லை, ட்ரூ மட்டும் கிடைக்கும். மதிப்பைத் திருப்பும் ஃபைலுக்கு ஒன்ஸ் கூடாது. வெறும் ரிக்வயரில் ஒரு முறை வாங்கி, அந்த வேரியபிளைத் தேவையான இடங்களுக்குக் கொடுங்கள். இதன் தம்பி ஒன்று உண்டு: ஃபங்ஷனுக்குள் ரிக்வயர்_ஒன்ஸ் செய்தால் ஃபைலின் வேரியபிள்கள் அந்த அழைப்போடு மறைந்துவிடும். இரண்டாம் அழைப்பில் 'அன்டிஃபைன்ட் வேரியபிள்' வரும்.

இன்க்ளூட்_ஒன்ஸா, ரிக்வயர்_ஒன்ஸா?

ஃபைல் இல்லாவிட்டால் முன்னது எச்சரித்துவிட்டுத் தொடரும், பின்னது நிறுத்திவிடும். ஃபங்ஷன், கிளாஸ் உள்ள ஃபைலுக்குப் பின்னதுதான்.

என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஃபைலைக் காணோம் என்கிறது.

'../' என்று தொடங்கும் பாதை, எழுதிய ஃபைலிலிருந்து அல்ல, அப்போதைய வொர்க்கிங் டைரக்டரியிலிருந்து கணக்கிடப்படும். பாதையின் முன்னால் __டிர்__ (எழுதிய ஃபைல் இருக்கும் ஃபோல்டர்), பிறகு ஒரு '/' சேர்த்து எழுதுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு என்பதையும் பாருங்கள். கிளாஸ்களை மட்டும் ஏற்றுவதானால், பிஎச்பியின் பேக்கேஜ் கருவியான கம்போசரின் ஆட்டோலோடரிடம் (தேவைப்படும்போது கிளாஸ் ஃபைலைத் தானே ஏற்றுவது) விட்டுவிடுங்கள். அதன் ஃபைலை மட்டும் தொடக்கத்தில் ரிக்வயர் செய்தால் போதும்.