பொண்ணுக்கு கரண்ட் வேலையான்னு கேக்குற மாமாவுக்கும் சேத்து சொல்றேன்

செங்கல்பட்டுல இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பொண்ணு ப்ளஸ் டூ மேக்ஸ் குரூப், கட்ஆஃப் சுமார். மாமா ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வச்சிருக்காராம், அதுக்கு நிலத்த அடகு வைக்கணும். பொண்ணோ எலக்ட்ரிகல்தான் படிப்பேங்குது, தாம்பரம் போற ட்ரெயினுக்கு நிக்கும்போது கூட மேல போற கம்பியையே பாத்துட்டு நிக்குதாம், புத்தி இப்படிப் போகுதேன்னு கவலை.

அம்மா, எல்லாம் சரியாயிடும்னு சொல்லலாம்னுதான் இருந்தேன், நிலம்னு சொன்னதும் மனசு வரல. வைக்காதீங்க. மாமா ஆசைக்கு நீங்க ஏன் வட்டி கட்டணும்?

அந்தக் கம்பிய அவ பாக்குறது சும்மா இல்ல. பீச்-தாம்பரம் லைன் 1931லயே 1500 வோல்ட் டிசில (ஒரே திசைல ஓடுற கரண்ட்) ஓடுச்சு, இன்னைக்கு 25,000 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடுற கரண்ட், நம்ம வீட்டுக்கு வர்ற மாதிரி). நம்ம மெட்ரோவும் அதே 25,000தான், கோயம்பேடு, ஆலந்தூர், சென்ட்ரல்ல இருக்குற சப்ஸ்டேஷனுக்கு 110 கேவில, அதாவது 1,10,000 வோல்ட்ல, கரண்ட் வந்து அங்க குறைச்சு லைனுக்குப் போகுது, சுரங்கத்துக்குள்ள பாத்தீங்கன்னா தொங்குற கம்பி கிடையாது, கூரையோட ஒட்டி கெட்டியான அலுமினிய பார் ஓடும். பெங்களூரு, கொச்சி மெட்ரோல மேல ஒண்ணுமே இருக்காது, தண்டவாளத்துக்குப் பக்கத்துல மூணாவதா ஒரு ரெயில், அதுல 750 வோல்ட் டிசி. வோல்டேஜ் கம்மின்னா அதே பவருக்கு கரண்ட் எக்கச்சக்கமா இழுக்கும், அதனால கொஞ்ச கொஞ்ச தூரத்துக்கு ஒரு சப்ஸ்டேஷன் வேணும். பிரேக் போட்டா மோட்டாரே ஜெனரேட்டரா மாறி கரண்ட லைனுக்குத் திருப்பி அனுப்பும். இத்தனையையும் பாத்துக்க ஆள் வேணும்ல? 2025 ஜூன்ல வியாசர்பாடி டெப்போல 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்களே, அங்கயும் டிரான்ஸ்பார்மர், சார்ஜர், பேனல்னு எல்லாமே எலக்ட்ரிகல்காரங்க பொழப்புதான்.

பிஇ, கவுன்சிலிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. யாரும் சொல்லாதது இது: ப்ளஸ் டூல மேக்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ ட்ரிபிள்இ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) ரெண்டே வருஷத்துல முடிஞ்சிரும், அரசு பாலிடெக்னிக்னா ஃபீஸ் ஆயிரங்கள்லயே அடங்கிடும். அப்புறம் ஒரு வருஷம் அப்ரெண்டிஸ், ஸ்டைபெண்டோட. தரமணில இருக்குற அப்ரெண்டிஸ்ஷிப் போர்டு மூலமா போடலாம், ரயில்வே ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) பரீட்சையும் எழுதலாம், அங்க ஓஎச்இ, அதாவது உங்க பொண்ணு பாக்குற அந்த மேல்கம்பி, அப்புறம் சப்ஸ்டேஷன் பாக்குறதுக்கே டிஆர்டின்னு (டிராக்‌ஷன் டிஸ்ட்ரிபியூஷன்) தனி பிரிவு இருக்கு. பிஇ வேணும்னு தோணுச்சுன்னா அப்பவும் லேட்டரல் என்ட்ரில ரெண்டாம் வருஷத்துக்கே போயிக்கலாம், யாரும் கதவ மூடல.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். பெரும்பாலும் கடைசி ட்ரெயின் போனப்புறம்தான் லைன்ல வேலை, அதனால நைட் ஷிப்ட் நிச்சயம். பவர் ஆஃப் பண்ணி, பர்மிட் வாங்கி, எர்த் ராடு (கம்பில மிச்சமிருக்குற கரண்ட தரைக்கு இறக்குற கம்பு) மாட்டாம ஒருத்தரும் மேல ஏறக் கூடாது, 25,000 வோல்ட் தொடாமலே பக்கத்துல போனாலே ஆளை அடிச்சிரும். மெயின்டெனன்ஸ்ல நிறைய கான்ட்ராக்ட் கம்பெனிங்க கைல இருக்கு, ஆரம்ப சம்பளம் சுமாராத்தான் இருக்கும். மெட்ரோலயே வேலை உறுதின்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, அது ஏமாத்து.

பொம்பளப் புள்ளைக்கு ஒத்துவராதுன்னு மாமா சொல்றது இதுக்காக இல்லன்னு எனக்கும் தெரியும், கல்யாணப் பேச்சுல கம்ப்யூட்டர்னு சொன்னா எடுப்பா இருக்கும், அவ்ளோதான். புடிக்காத கோர்ஸ்ல நாலு வருஷம் அரியர் எழுதப்போறது அவரு இல்ல. இந்த வாரத்துக்குள்ள பக்கத்து பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷ அப்ளிகேஷன் தேதிய விசாரிங்க, அந்தக் காலேஜுக்கு அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க. நேர்ல வர்றதா இருந்தா பொண்ண மட்டும் கூட்டிட்டு வாங்க, மாமா வேணாம்.