நடுக்கம் குறைந்த பிறகும் அப்பா ஏன் இப்படி இருக்கிறார்?

கேள்வி: 68 வயதான என் அப்பா பார்க்கின்சன் நோய்க்கு நான்கு ஆண்டுகளாக லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். கை நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் இரவில் தூக்கத்திலேயே கத்திக் கையை வீசுகிறார். ஒருமுறை அம்மாவுக்கு அடிபட்டுவிட்டது. எழுந்து நின்றால் தலைசுற்றல், எப்போதும் மலச்சிக்கல். செய்தித்தாளைக்கூடத் தொடுவதில்லை. வயதானதால் வந்த சோம்பல் என்கிறார் அண்ணன். அது சரியா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சோம்பல் இல்லை. நீங்கள் எழுதியவை எல்லாமே பெரும்பாலும் அந்த நோயைச் சேர்ந்தவைதாம். உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களோடு நில்லாமல், தூக்கம், மனநிலை, குடல், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் நரம்புகளையும் பார்க்கின்சன் பாதிக்கிறது. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைக் கொண்டு எழுதிய கட்டுரையிலேயே மலச்சிக்கலும் தூக்கக் கேடும் இடம்பெற்றிருக்கின்றன. ஆயினும் கையை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்க்கும் அவசரத்தில் இவற்றை இன்றும் பல மருத்துவர்கள் கேட்பதில்லை. வீட்டார் சொன்னால்தான் உண்டு.

கனவு காணும் நேரத்தில் நம் தசைகள் தளர்ந்து கிடக்கும். உங்கள் அப்பாவுக்கு அந்தத் தளர்ச்சி ஏற்படாததால், கனவில் யாரையோ விரட்டும் கை உண்மையிலேயே வீசப்படுகிறது. அம்மாவின் மேல் அவருக்குக் கோபம் எதுவுமில்லை. நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது சிலருக்கு வந்துவிடும் என்பதால், எப்போது தொடங்கியது என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு மருந்து உண்டு; அதுவரை அம்மா தனிக் கட்டிலில் படுக்கட்டும்.

உடனே கவனிக்க வேண்டியது தலைசுற்றல்தான், ஏனெனில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நடமாட்டமே போய்விடலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பி.பி. பாருங்கள், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அந்தக் குறிப்போடு, அவர் சாப்பிடும் பி.பி. மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குறிப்பாக, லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யா, போதாவிட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. வாந்தி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மெட்டோக்ளோபிரமைடு மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது டோபமைனைத் தடுத்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டும்.

செய்தித்தாளை விட்டதற்கு மனச்சோர்வு காரணமாகலாம். சோகமே இல்லாமல் நாட்டம் மட்டும் வற்றிப்போவதும் இந்நோயில் உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால், எது என்பதை நரம்பியல் மருத்துவரே முடிவு செய்யட்டும். எழுத்து மங்கலாகத் தெரிகிறதா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். இரவில் நடப்பதை அவரால்தான் சொல்ல முடியும்.