‘ஏதோ கொக்கு’ன்னு சொன்னவங்க

அன்புள்ள அக்கா,
மூணு வருஷமா பறவை பாக்குறேன். போன மாசம் தனுஷ்கோடியில பூநாரைங்க வந்திருந்துச்சு. பக்கத்துல வலை பிரிச்சுக்கிட்டிருந்தவங்கள கேட்டா ‘ஏதோ கொக்கு’ங்கிறாங்க. கடலோரத்துலயே பொறந்தவங்களுக்கு ரசனையே இல்லையே! பறவை தெரியாதவங்ககிட்ட இப்பல்லாம் பேசவே பிடிக்கல. வேலைய விட்டுட்டு முழுசா இதுல இறங்கிடலாமா?
– க., ராமநாதபுரம்

தம்பி,

வேலைய விடுறத வீட்டுல கேட்டு முடிவு பண்ணுங்க. வெயில்ல கேமராவத் தூக்கிட்டு மணிக்கணக்கா நிக்கிறீங்களே, அந்தப் பைத்தியம் எனக்குப் பிடிச்சிருக்கு, அத விட்டுடாதீங்க. ஆனா ரசனை இல்லன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் கோவம் வந்துருச்சு. கொஞ்ச நாளாவே இதே நெனப்புலதான் இருந்தேன்.

எங்க சித்தி பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போறவ. விரலுக்கு விரல் துணிக்கிழிசலச் சுத்தி, பல்லால கடிச்சு முடிச்சுப் போட்டு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முங்குவா. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டித்தான் போவாங்க, அப்பதான் தண்ணி நல்லா வத்தும். மரிக்கொழுந்துப் பாசிய வேரோட பிடுங்க மாட்டா, மேலாக்க கிள்ளுவா, நுனியத் தடவிப் பாத்துட்டு ‘இது போன தடவ யாரோ கிள்ளினது, இன்னும் வளரட்டும்’னு விட்டுட்டு அடுத்த பாறைக்குப் போயிடுவா. அந்தப் பாசியிலருந்துதான் ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகர் அகர் எடுக்குறாங்க. ஒரு ஆராய்ச்சி மாணவர் ஃபார்மோட வந்து எத்தனாவது படிச்சீங்கன்னு கேட்டு, ‘படிப்பறிவு இல்லை’ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அந்த நுனியப் பத்தி ஒரு கேள்வி கூட அதுல இல்ல தம்பி!

நமக்கு ஒண்ணு தெரிய ஆரம்பிச்சதும் எதிர்ல நிக்கிற ஆளுக்கு அதுல எத்தன மார்க்குன்னு போட ஆரம்பிச்சிடுறோம். சித்தியும் லேசுப்பட்டவ இல்ல, வாடையா கச்சானான்னு காத்து தெரியாதவன் மனுசனே இல்லம்பா. அதுவும் தப்புதான், சித்தி சொன்னாலும் தப்புதான். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துல பாசி எடுக்குற லட்சுமி அம்மாவுக்கு, தீவுகளோட சூழலப் பாதுகாக்குற சீகாலஜி அமைப்போட விருது 2015ல கெடச்சப்பதான் பாசி எடுக்குற பொம்பளைங்க இருக்காங்கன்னே பல பேருக்குத் தெரிஞ்சுது, விருது வந்தாத்தான் நம்ம கண்ணு தெறக்குமா?

அடுத்த தடவ போறப்ப அதே ஆளுங்ககிட்ட பறவ பேரு கேக்காதீங்க. பூநாரை நின்ன அந்த முழங்கால் தண்ணி எந்த மாசம் ஏறும், எப்ப வத்தும், எந்தக் காத்துக்கு என்ன மீனு வரும்னு கேளுங்க. உக்காந்து கேளுங்க, நின்னுக்கிட்டே கேக்காதீங்க. சொன்னத உங்க பறவை நோட்டுலயே எழுதி எனக்கும் அனுப்புங்க.